ஒரு போன் நம்பர் மாற்ற இரண்டு நாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் சைபர் குற்றம் பற்றி வாரத்துக்கு ஒரு செய்தியாவது வருகிறது. ஓடிபி கேட்டார்கள், டிஜிட்டல் கைது என்று மிரட்டினார்கள், வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்ததைத் திறந்ததும் பேங்க் கணக்கு காலி. எழுத வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் ஏமாறுகிறவர் எப்போதும் யாரோ ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அல்லது விவரம் தெரியாத இல்லத்தரசி என்கிற மாதிரியே எல்லாச் செய்தியும் முடிகிறது. கம்ப்யூட்டரே பிழைப்பு என்று உட்கார்ந்திருக்கிற எங்களைப் போன்ற ஆட்களின் மேஜையில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்று யாரும் எழுதக் காணோம். அதான் நானே எழுதுகிறேன். கடிதம் நீளம். வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் வரும் 2018 கதையை மட்டும் விட்டுவையுங்கள்.

நான் கோவையில் இணையதளம் செய்து கொடுக்கிறவன். மூன்று பேர் ஆபீஸ். ஜவுளிக்கடை, ஸ்கூல், பம்ப்செட் கம்பெனி, இந்த மாதிரி வாடிக்கையாளர்கள். போன மாதம் திருப்பூரிலிருந்து ஒரு பனியன் ஏற்றுமதிக்காரர் கூப்பிட்டார். 2018-ல் நான் செய்து கொடுத்த தளம். லேண்ட்லைனை எடுத்துவிட்டார்களாம், அந்த நம்பரைத் தூக்கிவிட்டு மொபைல் நம்பர் போட வேண்டும். "அஞ்சு நிமிஷ வேலைங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். நாக்கில் சனி.

பழைய ஹார்டு டிஸ்கைத் தேடி எடுத்து, ஃபோல்டரைத் திறந்து, என்பிஎம் இன்ஸ்டால் போட்டேன். தளத்துக்கு வேண்டிய இரவல் நிரல்களை, அதாவது பேக்கேஜ்களை, இணையத்திலிருந்து இறக்குகிற கட்டளை அது. டெர்மினலில் மஞ்சள் எழுத்து மழையாகக் கொட்டியது. இந்தப் பேக்கேஜ் கைவிடப்பட்டது, இதை இனி யாரும் பராமரிக்கவில்லை, இதற்குப் பதில் வேறு ஒன்றைப் பயன்படுத்துங்கள். கடைசியில் பாதுகாப்புக் குறைகள் என்று மூன்று இலக்கத்தில் ஒரு எண். சரி, பழசு அப்படித்தான் இருக்கும் என்று பில்டு கட்டளையை, அதாவது எழுதி வைத்ததைத் தளமாகக் கட்டித் தருகிற கட்டளையை, தட்டினால், 'ப்ரைமார்டியல்ஸ் இஸ் நாட் டிஃபைன்டு' என்று ஒரே வரியில் படுத்துவிட்டது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வரி தெரியும். தளத்தைக் கட்டியது கல்ப் 3 என்கிற கருவியில். இந்தக் கருவிகள் எல்லாம் நோட் என்கிற மென்பொருளின் மேல்தான் ஓடும். 2019-ல் வந்த நோட் 12-லேயே கல்ப் 3 ஓடாது. அதற்கு முந்தைய நோட் 10-ஐத் தேடிப் போட வேண்டும். நோட் 10-க்கு 2021 ஏப்ரலோடு ஆதரவு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அதில் எந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைக்க ஆள் கிடையாது.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. "என்னங்க தம்பி, ஒரு நம்பர் மாத்தறதுக்கு ரெண்டு நாளுங்களா?"

நேரில் போய்த்தான் விளக்கினேன். அவருக்குச் சொன்ன மாதிரியே உங்கள் வாசகர்களுக்கும் சொல்கிறேன். ஏற்றுமதிக்காரர் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. துணியைச் சாயப்பட்டறைக்கு ஜாப் ஒர்க் கொடுக்கிறார். சாயப்பட்டறைக்காரர் கெமிக்கலை ஒரு டீலரிடம் வாங்குகிறார், டீலர் இன்னொருவரிடம் வாங்குகிறார். கடைசியில் ஐரோப்பாவில் பையர் டெஸ்ட் செய்து தடை செய்த அசோ சாயம் இருக்கிறது என்று கண்டுபிடித்தால், கன்டெய்னர் யார் பெயரில் திரும்பி வரும்? டீலர் பெயரிலா? இவர் பெயரில்தான். இணையதளமும் அதே கதைதான். நான் என் கையால் எழுதுவது கொஞ்சம். மீதியெல்லாம் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் எழுதி இலவசமாகப் போட்டு வைத்த பேக்கேஜ்கள். நான் பத்துப் பதினைந்தைக் கேட்டால், அவை ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொண்டு வரும், அவை இன்னும் சிலதை இழுக்கும். என் ஃபோல்டரில் இறங்கிய பேக்கேஜ்களில் முக்கால்வாசியின் பெயரையே நான் அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன். எவ்வளவு சின்னதெல்லாம் இதில் உண்டு என்றால், 2016 மார்ச்சில் ஒருவர் கோபத்தில் தன் பேக்கேஜ்களை எல்லாம் நீக்கியபோது லெஃப்ட்-பேட் என்கிற பதினோரு வரி நிரலும் போனது, அந்தப் பதினோரு வரி இல்லாமல் உலகம் முழுக்க பில்டுகள் நின்றன.

சாயத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு, இதைத்தான் அவர் நம்பவே இல்லை. என்பிஎம்மில் ஒரு பேக்கேஜ் இறங்கும்போதே தன்னுடைய ஸ்கிரிப்ட் ஒன்றை என் கம்ப்யூட்டரில், என் அதிகாரத்தில், என்னைக் கேட்காமல் ஓட்டலாம். கெமிக்கல் டப்பாவின் மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு ஆள் இறங்கி நேரே ஆபீஸ் ரூமுக்குப் போய் பீரோவைத் திறக்கிற மாதிரி. பெரும்பாலான ஆட்கள் இறங்கி, மெஷினுக்கு நட்டு முடுக்கிவிட்டுத்தான் போகிறார்கள். எல்லாரும் அல்ல.

என் பீரோவில் என்ன இருந்தது? இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்த 2018 ஃபோல்டரில், தளத்தைச் சர்வரில் ஏற்றும் எஃப்டிபி பாஸ்வேர்டை கல்ப் ஃபைலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்து ஃபைலில் என்கொயரி மெயில் அனுப்புகிற பாஸ்வேர்டு. அதே லேப்டாப்பில் சர்வருக்கு ஃபைல் அனுப்புகிற ஃபைல்ஜில்லா செயலி, அதில் மற்ற வாடிக்கையாளர்களின் சர்வர் பாஸ்வேர்டுகள் எல்லாம் பூட்டே இல்லாத ஒரு ஃபைலில். ஆக, 'வெறும் நாலு பக்கத் தளம், இதை யார் ஹேக் பண்ணப் போகிறார்கள்' என்று கேட்கிறவர்கள் தளத்தைத்தான் பார்க்கிறார்கள். திருடனுக்குத் தளம் எதற்கு? தளத்தைக் கட்டுகிற கம்ப்யூட்டர் கிடைத்தால் போதும்.

இப்போது அந்த 2018 கதை. ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்று ஒரு பேக்கேஜ், வாரத்துக்கு இருபது லட்சம் தடவை போல இறங்கிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர் வருஷக்கணக்காகத் தானே பயன்படுத்துவதில்லை, சம்பளமும் கிடையாது. யாரோ ஒருவர் மெயிலில் வந்து 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றதும் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, இலவசமாகச் செய்த வேலையை ஒருவர் எவ்வளவு காலம் சுமப்பார்? வந்தவர் 2018 செப்டம்பரில் 3.3.6 என்கிற பதிப்பில் ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் என்று இன்னொரு பேக்கேஜைச் சேர்த்தார். அதற்குள் ரகசிய எழுத்தில் பூட்டி வைத்த நிரல். அந்தப் பூட்டுக்குச் சாவி ஒரே ஒரு திட்டத்தின் ஃபைலில் இருந்த விவரணை வரி. கோபே என்கிற பிட்காயின் வாலட் அது. வேறு யார் கம்ப்யூட்டரில் போட்டாலும் சும்மா கிடக்கும். கோபேயை வெளியிடுவதற்காக பில்டு செய்கிற நேரத்தில் மட்டும் விழித்துக்கொண்டு, அந்தச் செயலிக்குள் போய் உட்கார்ந்து, வாலட்டின் சாவிகளைத் திருடும். அந்தச் செயலியை எழுதியவர்கள் கையால் ஒரு வரியும் தப்பாக எழுதவில்லை. கட்டும்போது உள்ளே நுழைந்துவிட்டது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? பெரிய பாதுகாப்பு நிறுவனம் எதுவும் இல்லை. நோட்மான் என்கிற கருவியை ஓட்டும்போது, பழைய கிரிப்டோ ஃபங்ஷன் ஒன்றை யாரோ பயன்படுத்துகிறார்கள், அது வழக்கொழிந்தது என்று ஒரு எச்சரிக்கை வந்தது. நான் சொன்னேனே, அந்த மாதிரி ஒரு எச்சரிக்கை வரி. சிலர் அதைத் தாண்டிப் போகாமல், இது எங்கேயிருந்து வருகிறது என்று தோண்டிக்கொண்டே போனதில் நவம்பரில் விஷயம் வெளியே வந்தது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் கண்டிப்பாக ஸ்க்ரோல் செய்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

திருப்பூர் தளத்தின் லாக் ஃபைலை, அதாவது எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பு என்று பூட்டி வைத்த பட்டியலை, திறந்து தேடிப் பார்த்தேன். ஈவன்ட்-ஸ்ட்ரீம் இருந்தது. பதிப்பு 3.3.4. இரண்டு எண் தள்ளி விஷம். அன்றைக்கு லாக் ஃபைல் இல்லாமல் விட்டிருந்தால், அந்தச் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் நடுவில் ஏதாவது திருத்தம் செய்ய இன்ஸ்டால் போட்டிருந்தால், 3.3.6 தானாகவே இறங்கியிருக்கும். நான் கோபே அல்ல, ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் கொஞ்ச நேரம் கையை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படித்துவிட்டு 'அப்போ பழசையே வைத்துக்கொள்வதுதானே நல்லது' என்று சிலர் கேட்பார்கள். எங்கள் ஆபீஸ் பையனே கேட்டான். பாதி சரி. 2025 செப்டம்பர் 8-ஆம் தேதி நடந்தது அவன் பக்கம்தான் பேசும். என்பிஎம் அனுப்பியது போலவே ஒரு போலி மெயில், இரண்டடுக்குப் பாதுகாப்பைப் புதுப்பியுங்கள் என்று. அதில் அனுபவமுள்ள ஒரு பராமரிப்பாளர் சிக்கிக்கொள்ள, சாக், டீபக் உட்பட 18 பேக்கேஜ்களில் விஷம் ஏறியது. எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 200 கோடி தடவைக்கு மேல் இறங்குகிற பேக்கேஜ்கள். கிரிப்டோ பணம் அனுப்பும்போது பிரவுசரில் முகவரியை மாற்றிவிடுகிற நிரல் அது. சுமார் இரண்டு மணி நேரத்தில் கவனித்து எடுத்துவிட்டார்கள், ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் 'எப்போதும் லேட்டஸ்ட்' என்று இருந்தவர்கள்தான் மாட்டினார்கள். அதே மாதம் ஷாய்-ஹுலூத் என்கிற புழு வந்தது. ஒரு டெவலப்பரின் கம்ப்யூட்டரில் நுழைந்து, பாஸ்வேர்டு மாதிரி வேலை செய்கிற டோக்கன்களைத் தேடி எடுத்து, அந்த டோக்கனை வைத்தே அவருடைய மற்ற பேக்கேஜ்களிலும் தன்னை ஏற்றி வெளியிட்டது. ஐந்நூறுக்கு மேற்பட்ட பேக்கேஜ்களை நீக்க வேண்டியதாயிற்று.

அதற்கு முந்தைய மாதம் என்எக்ஸ் என்கிற பில்டு கருவியிலேயே கை வைத்தார்கள். இன்ஸ்டால் ஆனதும் ஓடும் ஸ்கிரிப்ட், கம்ப்யூட்டரில் உள்ள சாவி, டோக்கன், வாலட் எல்லாவற்றையும் தேடி, நிரல்களைச் சேமித்து வைக்கிற கிட்ஹப் தளத்தில் அந்த ஆளின் சொந்தக் கணக்கிலேயே யாரும் பார்க்கக்கூடிய ஒரு கிடங்கைத் திறந்து அதில் கொட்டியது. உங்கள் வீட்டுப் பீரோவில் இருந்ததை உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கடை விரிப்பது. தேடுவதற்கு அவரவர் கம்ப்யூட்டரில் இருந்த ஏஐ கருவிகளையே ஏவிவிட்டார்கள் என்பது தனிக் கொடுமை.

ஆகவே சுடச்சுட அப்டேட் செய்வதும் ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் பையன் சொல்வதில் மற்ற பாதி தப்பு. பழசு சும்மா இருப்பதில்லை. அதில் உள்ள ஓட்டைகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டு, எந்தப் பதிப்பு, எப்படி நுழைவது என்ற விவரத்தோடு எல்லாருக்கும் தெரியும்படி வெளியிடப்படுகின்றன. புதியதில் உள்ள ஓட்டை திருடனுக்கும் இன்னும் தெரியாது, பழையதில் உள்ளது எல்லாருக்கும் தெரியும். ஒரே ஒரு உதாரணம். வீட் என்கிற பில்டு கருவியை இப்போது நிறையப் பேர் பயன்படுத்துகிறோம். அதன் டெவ் சர்வரை, அதாவது வேலை நடக்கும்போது தளத்தைப் பார்க்க நம் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற சர்வரை, நெட்வொர்க்கில் திறந்து வைத்திருந்தால், முகவரியின் கடைசியில் இரண்டு மூன்று கேள்விக்குறியை ஒரு மாதிரி சேர்த்தே, படிக்கக்கூடாத ஃபைலைப் படித்துவிடலாம் என்று 2025 மார்ச்சில் தெரிந்தது. உடனே சரி செய்துவிட்டார்கள், அப்டேட் செய்தவர்களுக்கு. கிளையன்ட் மொபைலில் பார்க்கட்டும் என்று டெவ் சர்வரைத் திறந்துவிட்டு மறந்து போகிற பழக்கம் எங்கள் தெருவில் எல்லாருக்கும் உண்டு. எங்களுக்கும்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் தருவது வேறு. ஒரு போன் நம்பருக்கே இரண்டு நாள் ஆயிற்று என்றால், நாளைக்கு நிஜமாகவே ஓட்டை என்று தெரிந்து ராத்திரியோடு ராத்திரியாக மாற்ற வேண்டி வந்தால்? மாற்ற முடியாது. கல்ப் 3-லிருந்து ஏறினால் எழுதிய முறையே மாற வேண்டும், அதில் தொங்குகிற, ஸ்டைலைத் தயாரித்துத் தருகிற நோட்-சாஸ் கைவிடப்பட்டது, அதை மாற்றினால் ஸ்டைல் எல்லாம் உடையும், ஒன்றைத் தொட்டால் ஒன்பது விழும். எட்டு வருஷம் ஒரு படியும் ஏறாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் மாடிக்குத் தாவ முடியாது.

அதனால் என்ன செய்கிறோம், குறுக்கு வழி. நோட் 17 வந்தபோது, ரகசிய எழுத்து வேலையைப் பார்க்கிற ஓபன்எஸ்எஸ்எல்லின் மூன்றாம் பதிப்புக்கு மாறினார்கள். வெப்பேக் 4 என்கிற பில்டு கருவி பயன்படுத்திய எம்டி4 என்கிற பழைய கணக்கீட்டு முறை அதில் வேலை செய்யவில்லை. சரியான வழி வெப்பேக்கை ஏற்றுவது. ஆனால் எல்லாரும் இணையத்தில் தேடி 'லெகசி புரொவைடர்' என்று ஒரு வரியைக் காப்பியடித்து ஒட்டி, பழைய பூட்டையே திரும்ப மாட்டிக்கொண்டோம். எங்களிடம் நாலு திட்டத்தில் அந்த வரி இன்னும் இருக்கிறது. கிரியேட் ரியாக்ட் ஆப் என்கிற கருவி 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதாக அறிவித்தார்கள், அதிலும் எங்களுக்கு இரண்டு தளம் உண்டு. ஊரைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

இறங்கிய பேக்கேஜ்களில் தெரிந்த ஓட்டை உண்டா என்று பார்க்கிற என்பிஎம் ஆடிட் இருக்கிறதே என்பார்கள். 2018-ல் வந்தது, நல்ல விஷயம்தான், ஆனால் அது புலி வருது கதையாகிவிட்டது. பில்டு கருவிக்குள் எங்கோ இருக்கிற பேக்கேஜுக்கு ஏடாகூடமான எழுத்துச் சரம் கொடுத்தால் தொங்கிப் போகும் என்று சிவப்பில் எச்சரிக்கும். என் பில்டுக்கு எழுத்து கொடுக்கிறவன் நானேதான், என்னை நானே எதற்குத் தொங்கவிடப் போகிறேன்? இப்படி நூறு எச்சரிக்கையில் தொண்ணூறு உப்புச்சப்பில்லாதது. அதனால் 'டெவ் டிபென்டென்சியை (தளத்தைக் கட்டுவதற்கு மட்டும் வேண்டிய பேக்கேஜ்களை) விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஆடிட் செய்' என்ற பழக்கம் வந்தது. சத்தம் குறைந்தது. ஆனால் இன்ஸ்டால் செய்யும்போதே பீரோவைத் திறக்கிறவன் டெவ் டிபென்டென்சியா மற்றதா என்று பார்த்தா வருகிறான்?

இப்போது எங்கள் ஆபீஸில் செய்வது இவ்வளவுதான், பெரிய வித்தையில்லை. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கிற கிட்டில் லாக் ஃபைலைக் கண்டிப்பாக ஏற்றுகிறோம், பில்டுக்கு என்பிஎம் சிஐ என்கிற கட்டளை மட்டும், அது லாக் ஃபைலில் இருக்கும் பதிப்பைத் தாண்டாது. இன்ஸ்டால் ஸ்கிரிப்டுகளை அணைத்துவிட்டோம், தேவைப்படுகிற ஒன்றிரண்டுக்கு மட்டும் அனுமதி. என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் கருவியின் பத்தாம் பதிப்பில் அது இயல்பாகவே அணைந்திருக்கிறது, புதிய பதிப்பு வெளியாகி இத்தனை நாள் ஆன பிறகுதான் எடுக்க வேண்டும் என்றும் அதில் சொல்லி வைக்கலாம். நாங்கள் ஒரு வாரம் வைத்திருக்கிறோம், செப்டம்பர் மாதிரி சம்பவங்கள் அதற்குள் வெளியே வந்துவிடும். மாதத்தில் முதல் சனிக்கிழமை எல்லாத் தளத்தையும் ஒரு படி ஏற்றுகிறோம். பாஸ்வேர்டுகள் அந்த லேப்டாப்பை விட்டுப் போய்விட்டன. அப்புறம் மஞ்சள் எழுத்தைப் படிக்கிறோம். பையன் முணுமுணுக்கிறான், ஆனாலும் படிக்கிறான்.

அந்தச் சனிக்கிழமைக்கு யார் பணம் கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. அந்தத் திருப்பூர்க்காரர் கம்ப்ரசருக்கு ஏஎம்சி (வருஷப் பராமரிப்புக் கட்டணம்) கட்டுகிறார், ஜெனரேட்டருக்குக் கட்டுகிறார், ஆபீஸ் ஏசிக்கும் கட்டுகிறார். இணையதளம் மட்டும் 2018-ல் ஒரே தடவை காசு கொடுத்து வாங்கின நாற்காலி மாதிரி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கொட்டேஷன் போட்டபோது பராமரிப்பு என்று ஒரு வரியை நானே போடவில்லை. போட்டால் பக்கத்து ஆபீஸ்காரன் குறைவாகச் சொல்லி வேலையை எடுத்துக்கொள்வான் என்ற பயம். தனியார் கல்லூரிகளின் டெண்டர்கள் சில பார்த்திருக்கிறேன். எத்தனை பக்கம், எத்தனை பேனர், பின்னணியில் பாட்டு வேண்டுமா என்பது வரை கேட்பார்கள். எந்தப் பேக்கேஜ்களால் கட்டினாய், பட்டியல் கொடு, யார் பார்த்துக்கொள்வார் என்று ஒரு வரி இருக்காது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. 2024 அக்டோபரில் முதல் பதிப்பு, 2025 ஜூலையில் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு. மென்பொருளுக்குள் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்ற பட்டியலை வாங்குகிறவர் கேட்டு வாங்க வேண்டும், கொடுக்கிறவர் தர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மருந்து டப்பாவில் எழுதியிருப்பது மாதிரி. அரசு, பொதுத்துறை, அத்தியாவசியச் சேவைகளை மனதில் வைத்து எழுதியது என்றாலும் ஒரு ஜவுளிக்கடைக்காரர் கேட்டாலும் யாரும் அடிக்க மாட்டார்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். தளம் வைத்திருக்கிற கடைக்காரரும் பள்ளித் தாளாளரும் படிக்கிற மாதிரி, பயமுறுத்தாமல். உங்கள் தளத்தைக் கடைசியாக எப்போது பில்டு செய்தார்கள், இன்றைக்கே ஒரு எழுத்தை மாற்றச் சொன்னால் எத்தனை நாள் ஆகும் என்று அவர்கள் தங்கள் ஆளைப் பார்த்துக் கேட்டாலே போதும். என்னைக் கேட்டவர் போன் நம்பருக்காகத்தான் கேட்டார், அதனால்தான் இவ்வளவும் வெளியே வந்தது.

நம்பரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். எப்படி என்றால், கல்ப்பையே தொடாமல், சர்வரில் ஏற்கெனவே இருந்த ஃபைலைத் திறந்து பத்து எண்ணைக் கையால் அடித்து. அடுத்த தடவை பில்டு செய்தால் பழைய லேண்ட்லைன் திரும்பி வந்துவிடும், அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். தளத்தைப் புதிய கருவிக்கு மாற்ற ஒரு தொகை, வருஷப் பராமரிப்புக்கு ஒரு தொகை என்று வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பினேன். நீல டிக் விழுந்து மூன்று வாரம் ஆகிறது.

இப்படிக்கு,
இணையதள வேலை செய்யும் ஒரு வாசகர்,
கோவை.

(பெயர் போட வேண்டாம். அவர் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.)